டீமேக்கரின் லண்டன் நாலு பேர்

இங்கிலாந்துக்காரர்களுக்கு, அவர்களுடைய பாட்டையே எப்படிப் பாட வேண்டும் என்று எழுத்து மூலம் அறிவித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் இலங்கையில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்தார். அந்தக் கடிதத்தை டைப் அடித்துக் கொடுத்த ஃபெக்டரி கிளாக்கர் நான். லண்டனில் யாருக்காவது மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் அதில் பாதிக்கு நானும் பொறுப்பு.

டீமேக்கருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை நானே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பக்கத்துத் தோட்டத்து டீமேக்கரிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டி வந்தால் 'ரெக்கோட் டீமேக்கர்' என்பார்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஃபெக்டரிக்குள் வந்த கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, சூட்டில் காயவைத்து, தூளாக்கிப் பெட்டியில் அடைக்கும் வரை எல்லாம் டீமேக்கர் பொறுப்பு. காலையில் அவருடைய முதல் வேலை, முந்தைய நாள் தூளை ஏழெட்டுக் கோப்பைகளில் வடித்து வரிசையாக வைப்பது. பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, கீழே தொழிலாளர் லயம் வரைக்கும் கேட்கும்படி 'ஸ்ர்ர்ரூப்' என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்தில் உள்ள வாளியில் துப்புவார். துப்பிய கையோடு தீர்ப்பும் வரும். "வாட்டினது பத்தல." "சூடு கூடிருச்சி." அவ்வளவுதான், மேல்முறையீடு கிடையாது.

இந்தப் பழக்கம் ஃபெக்டரிக்கு வெளியிலும் அவரை விடவில்லை. ஒருமுறை பெரிய கங்காணி வீட்டுச் சாவுக்குப் போயிருந்தோம். துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். டீமேக்கர் கோப்பையை வாங்கினார், உறிஞ்சினார். ஒப்பாரி அப்படியே நின்றது. சுழற்றினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாசலில் கால் கழுவ வைத்திருந்த வாளியில் துப்பினார். "போன வருசத்துத் தூளு," என்றார். மூலையில் மாரடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி கையை இறக்கி, "நானும் அதத்தாங்க ஐயா சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்று ஒத்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

இப்படிப்பட்டவருக்குப் பாட்டு எப்படி வந்து சேர்ந்தது? தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில், எங்கள் கடைசி வெள்ளைக்காரச் சின்னதுரை ஊருக்குக் கிளம்பினார். நாயை டிரைவருக்குக் கொடுத்தார். மழைக்கோட்டை வாட்சருக்குக் கொடுத்தார். எனக்கு அவருடைய பூட்ஸ் கிடைத்தது, இரண்டு கால்களையும் ஒன்றுக்குள்ளேயே விடலாம். டீமேக்கர் சின்னதுரையின் கைக்கடிகாரத்தில் கண் வைத்திருந்தார். அவருக்கு வந்தது ஒரு ரெக்கோட் பிளேயரும் நாலு ரெக்கோட்டும்.

நாலு ரெக்கோட்டும் ஒரே கோஷ்டி. அட்டையில் தோளுக்குக் கீழே முடி வளர்த்த நாலு இளந்தாரிகள், ஒரு சேற்று வயலில் யாரோ அவர்களை அங்கே விட்டுவிட்டுப் போன மாதிரி நின்றார்கள். கோஷ்டியின் பெயரை வளைத்து நெளித்து எழுதியிருந்ததை எங்களால் படிக்க முடியவில்லை. டீமேக்கர் 'நாலு பேர்' என்றார், அதுவே பெயராகிவிட்டது. கிட்டாரை அழவைத்து, வாயில் வைத்து ஊதும் சின்னப் பெட்டியை விம்மவைத்து, நடுவில் ஒருவர் தன் கஷ்டத்தை எடுத்துச் சொல்லும் வகைப் பாட்டு அது.

எங்கள் குவார்ட்டஸ் இரட்டை வீடு. அவருக்கும் எனக்கும் நடுவே ஒரே சுவர். ஃபெக்டரி மெஷின்களை டீசல் எஞ்சின் ஓட்டியது. குவார்ட்டஸ் வீடுகளின் வெளிச்சத்துக்கு மட்டும் ஓடைத் தண்ணீரில் சுழலும் ஒரு பழைய டர்பைன் இருந்தது. பல்பு எரிகிறதா என்று தீக்குச்சி கொளுத்தித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கரண்டில் டீமேக்கர் முதல் ரெக்கோட்டைப் போட்ட சாயந்தரம், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு கனத்த மனிதர் மெதுவாக, மிக மெதுவாக, தொண்டையிலிருந்து எதையோ மேலே கொண்டுவர முயன்றார்.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அந்தாளுக்கு நெஞ்சு பூரா சளி. மருந்துக்கார ஐயாகிட்ட காட்டச் சொல்லுங்க."

மூன்றாம் நாள் அவள் பொறுமை போய்விட்டது. அகப்பைக் காம்பால் சுவரில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். மறுநாள் காலையில் டீமேக்கர் முகமெல்லாம் சிரிப்போடு என்னிடம் வந்தார். "கிளாக்கர், தங்கச்சிக்குத் தாளம் பிடிபட்டிருச்சி!"

அதற்குப் பிறகு பத்து வருஷம் தட்டியும் ஒரு பிரயோசனமும் இல்லை. தட்டத் தட்ட அவர் சத்தத்தைக் கூட்டினார்.

தேயிலையைப் போலத்தான் பாட்டையும் சோதிப்பார். ஒரு வரி ஓடவிட்டு ஊசியைத் தூக்கிவிடுவார். கண்ணை மூடி யோசிப்பார். "இந்த எடத்துல நல்லா புளிக்க விட்டிருக்காங்க," என்பார். அடுத்த வரி. "இங்க கொஞ்சம் கருக்கிட்டாங்க." ஒரு பாட்டு முடிய முக்கால் மணி நேரம் ஆகும். பாடுகிறவர் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

"அறுவது வயசு இருக்கும் கிளாக்கர். நல்ல உடம்பு. சக்கர வியாதி இருக்கு. ஏதோ ஒரு கந்தோர்ல பெரிய கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்தவரு."

"அட்டையில நாலு பேருமே இளந்தாரிங்களா இருக்காங்களே?"

"அது பழைய படம். ஒங்க வீட்டுச் செவுத்துல தொங்குற கல்யாணப் படத்துல நீங்களுந்தான் தலமுடியோட இருக்கீங்க."

அதற்குப் பிறகு நான் அந்த அட்டையைப் பற்றிப் பேசவில்லை.

நாலு பேரால் தோட்டத்துக்கு ஒரு லாபமும் வந்தது. கொழும்பிலிருந்து ஃபெக்டரியைச் சோதிக்க வந்த ஒரு பெரிய மனிதர், எங்கள் கந்தோரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று கோப்பையை வைத்துவிட்டுக் காதைத் தீட்டினார். எங்கிருந்தோ ஒரு கர்ரர் சத்தம். "ரோலர் பெயாரிங் போயிருக்கு. இந்த நெலமையில எப்படி வேல செய்றீங்க?" என்று கோபப்பட்டு அறிக்கை எழுதிக்கொண்டு போனார். டீமேக்கர் வீட்டில் ரெக்கோட் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அடுத்த மாதம் புத்தம்புதுப் பெயாரிங் ஒன்று வந்து இறங்கியது. நாலு வருஷமாக எழுதிக் கேட்டும் கிடைக்காதது அது.

நாலு பேருக்கும் சீசன் உண்டு என்பது டீமேக்கரின் கண்டுபிடிப்பு. எங்கள் ஊவா மாகாணத்தில் யூலையிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும். மழை இல்லாமல் கொழுந்து செடியிலேயே கொஞ்சம் வாடும். அப்போது வரும் தூளுக்குத்தான் உலகத்தில் பெயர். "நம்ம நாலு பேரும் அப்பிடித்தான்," என்பார். "கச்சான் காத்து அடிக்கிற மாசம் கேட்டுப் பாருங்க, என்னா நிதானம், என்னா சாரம்! மாரியில அவசரப்படுறாங்க. மழைக்கி முந்தி வேலய முடிச்சிட்டுப் போகணும்னு ஓடுறாங்க." லண்டனில் இருப்பவர்களுக்கு ஊவா மழை எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவருக்கு உயிர், இரண்டாவது ரெக்கோட்டின் முதல் பாட்டு. அதற்கு மட்டும் ஊசியைத் தூக்க மாட்டார். கோட்டைப் போட்டு, பொத்தான் பூட்டி, நின்றுகொண்டே கேட்பார்.

"பொஞ்சாதி போயிட்டா, ரயிலு போயிருச்சி, மழ பேயிது. அவ்வளவுதாங்க பாட்டு. இத லண்டன்ல இருந்து வந்து சொல்லணுமா? பண்டாரவள ஸ்டேசன்ல தெனமும் நடக்குது."

நான் அந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே அவர் மனைவி இறந்துவிட்டார். ஒரே மகளைப் பண்டாரவளையில் கட்டிக் கொடுத்திருந்தார். அந்தப் பாட்டு ஓடும்போது மட்டும் என் மனைவியும் சுவரில் தட்டுவதில்லை.

அந்த ரெக்கோட்டைத்தான் அவர் தன் கையாலேயே கெடுத்தார். தூசி படிந்து கரகரப்புக் கூடியதால் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். அதுவரை சரி. கழுவியதைக் காயவைக்க வேண்டும் அல்லவா? வேறு யாராக இருந்தாலும் துணியால் துடைத்திருப்பார்கள். டீமேக்கருக்கு ஈரம் என்றால் ஒரே இடம்தான் தெரியும். ஃபெக்டரி மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தட்டில் பரப்பி, கீழே அடுப்பிலிருந்து வெப்பக் காற்றைத் திறந்துவிட்டார். பச்சைக் கொழுந்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். எடுத்துப் பார்த்தபோது ரெக்கோட் பொரித்த அப்பளமாக நெளிந்திருந்தது. ஊசி அதன் மேல் இரண்டு குதி குதித்து வெளியே விழுந்தது. "வாட்டினது கூடிருச்சி," என்றார். அன்றைக்கு அந்தத் தீர்ப்பைச் சொன்ன குரல் அவருடையது போலவே இல்லை.

அதன் பிறகு நாலு வருஷம் அவர் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை. கோட்டும் ஆணியில் தொங்கியபடியே இருந்தது.

ரெக்கோட் ஊசி வாங்க அவர் போகும் இடம், பதுளை பஜாரில் வாட்ச் நானா என்று ஊரே கூப்பிடும் முஸ்லிம் மனிதரின் கடை. கைக்கடிகாரம் பழுதுபார்ப்பார், ரேடியோ விற்பார், கேட்ட பாட்டை டேப்பில் பதிந்தும் கொடுப்பார். 'சொல்லுங்க' என்பது அவர் பேச்சில் 'செல்லுங்க' என்று வரும். இரண்டு பேருக்கும் பத்து வருஷப் பழக்கம். எண்பதுகள் தொடங்கிய சமயம் நானா ஒரு செய்தி வைத்திருந்தார்.

"டீமேக்கர், ஒங்கட நாலு பேருக்கும் வயசு போயிட்டு. புதுசாப் பாடினா வாங்க ஆளில்லையாம். அதால கம்பனிக்காரன் பழைய ரெக்கோட்டையெல்லாம் திருப்பி அடிக்கிறானாம். செல்லுங்க, கொழும்புக்கு எழுதவா?"

டீமேக்கர் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து ரெக்கோட் வந்துவிட்டதாகத் தபால் அட்டை கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை கோட்டை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கும் விடுதலை இல்லை. பெரகலையில் பஸ் மாறி, பதுளைக்குப் போனோம். பெரகலைத் தேத்தண்ணியை மனிதர் துப்பக்கூட மறந்து விழுங்கிவிட்டார்.

நானா புது அட்டையைப் பிரித்து ரெக்கோட்டைப் போட்டார். டீமேக்கர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பாட்டு ஆரம்பித்தது. சுறுசுறுப்பான தாளம். அதன் மேல் துள்ளிக்கொண்டு ஒரு இளந்தாரிக் குரல்.

"நானா, இது யாரு?"

"அவங்கதான் டீமேக்கர். பேரப் பாருங்க."

"இவன் சின்னப் பய. நான் கேட்டது பெரியவர."

"ரெக்கோட்டு அதேதானே!"

"கழிவுத் தூள திருப்பி வறுத்து, பெட்டியில புதுப் பேப்பர் ஒட்டி அனுப்பியிருக்காங்க. நானா, இது கள்ளச் சாமான்."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நானா கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "டீமேக்கர், எங்கட வாப்பா தொறந்த கட இது. கள்ளச் சாமான் ஒண்டு இந்தக் கண்ணாடி அலுமாரிக்குள்ள இருந்ததில்ல. நீங்க இப்பிடிச் செல்லலாமா?"

டீமேக்கர் ரெக்கோட்டை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தார். வரும்போது பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பெரியவரு செத்துட்டாரோ?"

அடுத்த நாள்தான், பழைய அட்டையில் இருந்த லண்டன் கம்பனி விலாசத்துக்கு, அந்தக் கடிதம். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஐயா, தாங்கள் மீண்டும் வெளியிட்ட ரெக்கோட் எங்களால் பரிசோதிக்கப்பட்டது. வாட்டல் போதாது. உருட்டல் அவசரம். புளிக்க விடப்படவேயில்லை. குரலில் சாரம் இல்லை. ஒரு பொருளை ஆற அமரச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி ஒன்று இத்துடன் அனுப்பப்படுகிறது.' மாதிரி என்பது கச்சான் காற்று மாதத்துத் தூள், ஒரு பக்கெட். தபால் கந்தோரில் இதற்கு எந்தப் படிவம் நிரப்புவது என்று அரை மணி நேரம் தேடினார்கள்.

எனக்கு நானாவின் முகம் மறக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்து, கிழிந்த அட்டையை ஒட்டிக் கொண்டுவருகிறேன் என்று டீமேக்கரிடம் மூன்றாவது ரெக்கோட்டை வாங்கிக்கொண்டு பதுளைக்குப் போனேன். நானாவின் பிளேயரில் போட்டோம். டீமேக்கரின் அதே ரெக்கோட், அதே கீறல்கள். பாடியது அந்தச் சின்னப் பயல்.

நானா ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை ரெக்கோட்டின் மேல் ஒட்டி, கையிலிருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணினார். முப்பத்துமூன்று.

"இதுதான் சரியான கணக்கு. தோட்டத்துல ஒங்கட வீட்டுக்குக் கரண்ட் எங்கயிருந்து வருது?"

"ஓடையில ஒரு டர்பைன் இருக்கு. பெல்ட் வழுக்கும். மழ இல்லாட்டி இன்னும் மெதுவா ஓடும்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. டர்பைன் மெதுவாக ஓடினால் ரெக்கோட்டும் மெதுவாகச் சுற்றும், குரலும் கனத்துப்போகும். கச்சான் காற்று, சீசன், நிதானம், சக்கரை வியாதி எல்லாம் அந்த ஓடைத் தண்ணீரின் வேலை. நானா மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் நானா ரெக்கோட்டைத் துடைத்து அட்டைக்குள் போட்டார்.

"அப்ப, இன்னைக்கே அவர்கிட்ட சொல்லிர்றேன் நானா. ஒங்க மேல போட்ட பழி நீங்கட்டும்."

"வாணாம்," என்றார் நானா. "பத்து வருஷமா அவரு கேட்டுக்கொண்டிருந்த மனுஷன நாம போய்க் கொல்றதா? நான் கள்ளனாவே இருந்திட்டுப் போறன்."

கடையின் பெயருக்காக உயிரை விடும் மனிதர் சொன்ன வார்த்தை அது. அன்று சாயந்தரம், பாட்டுக் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு நான் டீமேக்கர் வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். இருபத்தெட்டு. "கிளாக்கருக்கும் ருசி வந்திருச்சி," என்று அவர் எனக்கு வாழைப்பழம் கொடுத்தார்.

லண்டனிலிருந்து பதிலும் வந்தது. தேயிலைக்கு நன்றி, எல்லோரும் குடித்தோம் என்று இரண்டு வரி. பாடுவதைத் திருத்திக்கொள்கிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. கூடவே நாலு பேரின் இன்றைய படம். நடுவில் நின்றவருக்கு முடி கொட்டி, கழுத்து தடித்து, சட்டைப் பொத்தான் வயிற்றில் தவித்துக்கொண்டிருந்தது. டீமேக்கர் படத்தை என் மூக்கருகில் நீட்டினார்.

"இந்தா நிக்கிறாரு பெரியவரு! நான் சொல்லல்ல? சக்கர வியாதி!"

"அப்ப அந்த ரெக்கோட்டுல பாடினது?"

"மகன். தகப்பன் பாட்ட மகன வச்சிப் பாடவச்சி விக்கிறாங்க." பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் அன்று அவர் மகனையும் மன்னித்துவிட்டார். நானாவைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்த சமயம், ஃபெக்டரி மெக்கானிக் டர்பைனின் பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புது பெல்ட் போட்டான். எனக்கு அது தெரியாது. ஆறரை மணிக்கு என் மனைவி 'அம்மாடி' என்று கத்தினாள். வீடு முழுக்க வெளிச்சம். மூலையில் எத்தனை ஒட்டடை இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தோம். அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம், டீமேக்கரின் பழைய ரெக்கோட்டிலிருந்து, அந்தச் சின்னப் பயல் துள்ளிக்கொண்டு பாட ஆரம்பித்தான்.

பாட்டு பாதியில் நின்றது. நான் வெளியே ஓடினேன். டீமேக்கர் வாசலில் நின்று பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கர், பெல்ட்டு மாத்தினாங்களா?"

தூளில் ருசி மாறினால் மெஷினைப் பார்க்கிற மனிதர். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி டர்பைன் கொட்டிலுக்குப் போனார். பழைய பெல்ட் அங்கே மூலையில் கிடந்தது. டர்பைன் அவருடைய பொறுப்பு. மறுபடியும் பழையதை மாட்டச் சொல்ல அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மெக்கானிக்கைத் தேடி எங்கள் வீட்டு வழியாகவே வந்தார்.

ஜன்னலருகே என் மனைவி தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தாள். அதுவரை சாயந்தரமானால் அவளால் அதைத் தொடவே முடிந்ததில்லை. அவரைக் கண்டதும் ஊசியைத் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணே, பாருங்க! வெளக்கு வெளிச்சத்துல நூல் கோத்துட்டேன்!"

டீமேக்கர் நின்றார். தோளிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த வரிசையில் ஏழு வீடுகளிலும் பல்பு பளிச்சென்று எரிந்தது. அவர் ஒவ்வொரு வீடாகப் பார்த்தார்.

"நல்லது தங்கச்சி," என்றார். "கண்ணுக்கு நல்லது."

பெல்ட்டை எங்கள் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் போட்டார். "வெறகு கட்ட ஒதவும்," என்றார். பத்து வருஷம் அந்த மனிதரைப் பைத்தியம் என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் லீவு போட்டு இரண்டு பேரும் பதுளைக்குப் போனோம். டீமேக்கர் கையில் ஒரு பக்கெட் கச்சான் காற்றுத் தூள். கடைப்படியில் ஏறியதுமே சொல்லிவிட்டார்.

"நானா, மன்னிச்சிருங்க. அது அசல் சாமான்தான்."

நானா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டுவதற்குள் அவர் பதறிப்போய், "இல்ல டீமேக்கர், நீங்க செல்லினதுதான் சரி. கள்ளச் சாமான்!" என்றார்.

"அசல் நானா!"

"கள்ளச் சாமான் எண்டு நானே செல்றன்! கடைக்காரன் எனக்குத் தெரியாதா?"

"கடைக்காரர் நீங்களே ஒங்க சாமானக் கள்ளச் சாமான்னா எப்பிடி? அசலு!"

பதுளை பஜாரில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு சண்டை நடந்திருக்காது. வாட்ச் பெட்டரி வாங்க வந்த ஒருவர் எது நல்லது என்று தெரியாமல் வாங்காமலே போய்விட்டார். நடுவில் புகுந்து நான்தான் உண்மையைச் சொன்னேன். டீமேக்கர் நானாவை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்காகவா கள்ளன்னு பேரு வாங்கிக்கிட்டு இருந்தீங்க?"

நானா அந்தப் புது ரெக்கோட்டை எடுத்துப் போட்டார். அந்த முதல் பாட்டு. டீமேக்கர் மரியாதையாக நின்று கேட்டார். "நல்ல பையன்," என்றார். "கெட்டிக்காரன். எனக்குத்தான் பழக்கமில்ல."

அப்போதுதான் நானா கையை நீட்டினார். சுற்றிக்கொண்டிருந்த தட்டின் ஓரத்தில் கட்டைவிரலை மெதுவாக வைத்தார். வாட்சுக்குள் இருக்கும் மயிரிழைக் கம்பியைத் தொட்டுப் பழகிய விரல் அது. தட்டு தயங்கியது. இளந்தாரிக் குரல் இறங்கி, கனத்து, நெஞ்சுச் சளியோடு, மெல்ல மெல்ல அறுபது வயதுக்கு வந்து நின்றது.

"இவருதான்!" என்றார் டீமேக்கர். கோட்டுப் பொத்தானைத் தேடிப் பூட்டிக்கொண்டார். பொஞ்சாதி போய், ரயில் போய், மழை பெய்து முடியும் வரை அவர் கண்ணைத் துடைக்கவில்லை.

நானா அப்படியே விரலை வைத்தபடி இரண்டு பக்கத்தையும் டேப்பில் பதிந்து கொடுத்தார். முக்கால் மணி நேரத்துக்கு மேல். "சாமானெல்லாம் அலுமாரியில இரிக்கி, எடுத்துக் காட்டுங்க தம்பி," என்று என்னைக் கடைக்காரனாக்கிவிட்டார். கட்டைவிரல் சிவந்து தோல் உரிந்துபோனது. ஒரே ஒரு இடத்தில்தான் தவறினார். மூன்றாவது பாட்டில், ஒரு கலியாண வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரம் கேட்டு வந்தபோது பழக்கதோஷத்தில் எழும்பிவிட்டார். பெரியவர் திடீரென்று இளந்தாரியாகி நாலு வரி துள்ளிவிட்டு மறுபடி கிழவரானார்.

அந்த டேப்பைப் பெட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, டீமேக்கர் பென்சன் எடுக்கும்வரை கேட்டார். குரல் அங்கங்கே நடுங்கும். "வயசாளி, நடுக்கம் இருக்கத்தான் செய்யும்," என்பார். மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்தால் தலையை ஆட்டுவார். "நானாவுக்கு யாவாரம் வந்திருச்சி. நல்லா இருக்கட்டும்."

பென்சனுக்குப் பிறகு மகளோடு பண்டாரவளையில் இருந்தார். இறந்த பிறகு மகள் அந்த டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கிளாக்கர் ஐயாவுக்கு ருசி தெரியும்னு அப்பா சொன்னாருங்க."

இப்போதும் எப்போதாவது போட்டுக் கேட்கிறேன். நாங்கள் குடியிருப்பது தனி வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. மூன்றாவது பாட்டில் குரல் துள்ளும்போது அடுப்படியிலிருந்து என் மனைவி, "கடைக்கு ஆள் வந்திருச்சி," என்பாள். பிறகு அகப்பைக் காம்பால் சுவரில் தட்ட ஆரம்பிப்பாள். இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தாளம் மட்டும் பிடிபடவேயில்லை. டீமேக்கர் இருந்தால், பிடிபட்டுவிட்டது என்றுதான் சொல்வார்.